பூல் வில்லா: தண்ணீரை நம்பலாமா, குழந்தையோடு போகலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். கடற்கரை ரிசார்ட் ஒன்றில் தனி நீச்சல்குளத்தோடு கூடிய வில்லா எடுக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். நீங்கள், மனைவி, 3 வயது மகன், கூடவே வயதான உங்கள் பெற்றோர். சாதாரண அறையைவிட வாடகை ஏறக்குறைய இரண்டு மடங்கு. "பூல் எங்களுக்கு மட்டும்தான் என்பதால் தண்ணீர் சுத்தமாக இருக்கும்தானே? பையனையும் பயமில்லாமல் விளையாட விடலாம்தானே? கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்கிறீர்கள். கேள்வி மூன்று என்றாலும் அடியில் ஒரே ஒரு நம்பிக்கை இருக்கிறது: வேறு யாரும் வராத பூல் என்றால் அது தானாகவே சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இருக்கும் என்பது. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் ரிசார்ட்டுகளின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன். பம்ப் ரூம், ஃபில்ட்டர், குளோரின் என்றுதான் பெரும்பாலும் பொழுது போகும். அதனால் தண்ணீர், மின்சாரம், கட்டுமானம் பற்றி உறுதியாகப் பேச முடியும். உடம்பு சம்பந்தப்பட்டதில் பொதுவாகச் சொல்லப்படுவதைத்தான் சொல்வேன், அதற்கு மேல் டாக்டரைக் கேளுங்கள். காசுக்குத் தகுமா என்பதில் நான் சொல்லப்போவது வெறும் அபிப்பிராயம். சுருக்கமான பதில் வேண்டுமென்றால்: தனிமை நிச்சயம் கிடைக்கும். சுத்தம் பெரும்பாலும் கிடைக்கும், ஆனால் அது யாரோ ஒருவர் தினமும் வந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதால் கிடைப்பது. பாதுகாப்பு விஷயம்தான் தலைகீழ். 3 வயதுக் குழந்தைக்கு ஆள் நடமாட்டமுள்ள பொதுப் பூலைவிட வில்லா பூல்தான் அதிகக் கவலை தர வேண்டியது.

தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறேன். பல விருந்தினர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்களுக்காகப் புதுத் தண்ணீர் நிரப்பினீர்களா?" என்பது. இல்லை. எந்த ரிசார்ட்டிலும் ஒவ்வொரு விருந்தினருக்கும் பூலைக் காலி செய்து நிரப்ப மாட்டார்கள். 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம் உள்ள சுமாரான வில்லா பூலே 21,600 லிட்டர் பிடிக்கும். பல தீவுகளில் அந்தத் தண்ணீரைக் கடல்நீரிலிருந்து உப்பு நீக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு, வெளியாட்கள் பலருக்கு அது தெரியாது. கடற்கரையில் நிலத்தடி நீர் மிக மேலேயே நிற்கும். பூலில் தண்ணீர் இருக்கும்வரை அதன் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். காலி செய்துவிட்டால் மொத்தத் தொட்டியும் மண்ணுக்குள்ளிருந்து மேலே எழும்பி விரிசல் விட்டுவிடலாம். கான்கிரீட் தொட்டி மிதக்குமா என்று சிரிக்காதீர்கள், நிஜமாகவே மிதக்கும். அதனால் கடலோரத்தில் பூலைக் காலி செய்வது என்பது யோசித்து, நிலத்தடி நீர்மட்டம் பார்த்துச் செய்கிற வேலை.

ஆக, அதே தண்ணீர்தான் மாதக்கணக்கில் சுழன்றுகொண்டிருக்கும். அதில் தவறே இல்லை. பம்ப் ஓடி, ஃபில்ட்டர் வடிகட்டி, குளோரின் சரியாக இருந்தால் பழைய தண்ணீரும் நல்ல தண்ணீர்தான். ஆவியாகிப் போவதையும் ஃபில்ட்டரைக் கழுவும்போது வெளியே போவதையும் ஈடுகட்டப் புதுத் தண்ணீர் அவ்வப்போது சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே நான் சொன்ன அளவுள்ள பூலில் 90 லிட்டர் காணாமல் போகும்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பூல் சிறியதாக இருந்தால் பராமரிப்பு சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது நேர்மாறு. ஒரு கைப்பிடி உப்பை அண்டாவில் போடுவதும் டம்ளரில் போடுவதும் ஒன்றாகுமா? 50 மீட்டருக்கு 25 மீட்டர், 2 மீட்டர் ஆழமுள்ள போட்டி நீச்சல்குளத்தில் 25 லட்சம் லிட்டர் இருக்கும். அதில் ஒரு குடும்பம் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்கினால் தண்ணீருக்குத் தெரியவே தெரியாது. அதே குடும்பம் 7,000 லிட்டர் பிடிக்கும் சின்ன பிளஞ்ச் பூலில் (நீந்த இடமில்லாத, இறங்கி நனைய மட்டுமான பூல்) மதியம் முழுக்கக் கிடந்தால், காலையில் போட்ட குளோரின் சாயங்காலம் காலியாகியிருக்கும். வெயில் வேறு. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் குளோரினை உடைத்துவிடும். குளோரினை வெயிலிலிருந்து காக்கும் சயனூரிக் அமிலம் சேர்க்காத பூலில் உச்சி வெயில் நேரத்தில் ஒரு மணி நேரத்திலேயே குளோரின் பாதியாகிவிடக்கூடும். அந்த அமிலத்தை அளவுக்கு மேல் சேர்த்தாலோ குளோரின் வேலை செய்யும் வேகம் குறையும். பெரிய பூல்களில் தானாக அளந்து மருந்து விடும் கருவி இருக்கும். ஐம்பது வில்லா இருக்கிற இடத்தில் ஐம்பதுக்கும் அப்படி வைப்பார்கள் என்று நம்ப வேண்டாம். பல இடங்களில் ஒரு பூல் பாய் காலையில் வரிசையாக ஒவ்வொரு வில்லாவாகப் போய் அளந்து, கையால் மருந்து போட்டுவிட்டு வருவார். அவர் நல்லவராக இருந்தால் உங்கள் தண்ணீரும் நல்ல தண்ணீர்.

எண்கள் தெரிந்தால் பயன்படும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பூலுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின். சயனூரிக் அமிலம் சேர்த்திருந்தால் 2. சூடுநீர்த் தொட்டிக்கு 3. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் நடுவே இருப்பது நல்லது. பி.எச். ஏற ஏற அதே குளோரின் சோம்பேறியாகிவிடும். 7.5இல் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவத்தில் இருக்கும், 8க்குப் போனால் கால்வாசிதான். "எங்களுடையது உப்புநீர் பூல், குளோரினே கிடையாது" என்று வரவேற்பில் சொன்னால் நம்பாதீர்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை, பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. உப்புநீர் பூலில் லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு இருக்கும், அதை மின்சாரத்தால் பிரித்துக் குளோரினை அங்கேயே தயாரிக்கிறார்கள். கடலில் லிட்டருக்கு 35 கிராம். உப்புநீர் பூலில் குளோரின் அளவு சீராக வரும், தோலுக்கும் கொஞ்சம் இதமாக இருக்கும் என்பது என் அனுபவம். ஆனால் அதுவும் குளோரின் பூல்தான். அதிலும் பி.எச். மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகும் என்பதால் கவனிக்காமல் விட முடியாது.

நீங்களே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. நீச்சல்குளச் சோதனைப் பட்டைகள் என்று சின்ன டப்பாவில் விற்கிறார்கள், தண்ணீரில் நனைத்துச் சில விநாடிகளில் நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். துல்லியம் குறைவுதான், ஆனாலும் குளோரின் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பட்டை இல்லையென்றால் கண், கை, மூக்கு. அடியில் உள்ள வடிகால் மூடியின் ஓட்டைகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவரில் பதித்த ஓடுகளைக் கையால் தடவிப் பாருங்கள், வழவழவென்று இருந்தால் அங்கே கிருமிகளும் பாசியும் படிய ஆரம்பித்திருக்கின்றன. கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் குளோரின் வாசனை அடித்தால் பலர் "மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள், சுத்தமான பூல்" என்று திருப்திப்படுகிறார்கள். உண்மையில் அந்த வாசனை குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களுடையது. ஒழுங்கான பூலில் வாசனை லேசாகத்தான் இருக்கும். அப்புறம் பம்ப். நாளில் சில மணி நேரமாவது அது ஓடும் சத்தமோ, தண்ணீர் வெளியே வரும் துவாரத்தில் அசைவோ தெரிய வேண்டும். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று சில விருந்தினர்கள் நிறுத்தச் சொல்வார்கள், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பலத்த மழை பெய்த மறுநாள் இறங்கும் முன் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். மழைநீர் மருந்தை நீர்க்கச் செய்துவிடும், தோட்டத்து மண்ணும் சேர்ந்து வந்திருக்கும்.

இங்கே சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். வில்லா பூலில் குளிப்பவர்களுக்குப் பொதுப் பூலில் குளிப்பவர்களைவிட நோய் குறைவாக வருகிறதா? அடித்துச் சொல்ல மாட்டேன். இறங்கும் ஆட்கள் குறைவு என்பது சாதகம். கண்காணிப்பும் தண்ணீரின் அளவும் குறைவு என்பது பாதகம். எது எதை மிஞ்சும் என்பது அந்தந்த ரிசார்ட்டின் ஒழுங்கைப் பொறுத்தது. சந்தேகமே இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சரியான குளோரின் பெரும்பாலான கிருமிகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதே தண்ணீரில் ஒரு வாரத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள குழந்தை பூலில் மலம் கழித்துவிட்டால், அதைச் சுத்தம் செய்ய லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரினை 12.75 மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்பது நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. சயனூரிக் அமிலம் இருந்தால் இன்னும் அதிக நேரம். ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் நுழைய நடுவில் சில மணி நேரம்தான் இருக்கும். முந்தைய குடும்பம் வெட்கப்பட்டுச் சொல்லாமல் போனால் பராமரிப்புப் பிரிவுக்கு எப்படித் தெரியும்? பொதுப் பூலில் என்றால் நாலு பேர் பார்த்திருப்பார்கள். உங்கள் பையனுக்கு அப்படி ஏதாவது நேர்ந்தால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். வயிறு சரியில்லாத நாட்களில் அவனைத் தண்ணீரில் இறக்காதீர்கள், நீச்சல் டயப்பர் மாட்டினாலும் வயிற்றுப்போக்கை அது தடுத்து நிறுத்தாது.

சரி, இப்போது குழந்தையின் பாதுகாப்பு. என்னைக் கேட்டால் உங்கள் முடிவு இதில்தான் நிற்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள். இது ஆறு, கிணறு, குட்டை எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை, ரிசார்ட் பூல்களைப் பற்றி இதிலிருந்து நேராக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் எந்த வயது என்பது மட்டும் தெளிவு. அந்த வயதுக் குழந்தைக்கு நடக்கத் தெரியும், கதவைத் தள்ளத் தெரியும், தண்ணீர் பிடிக்கும், ஆபத்து தெரியாது. விழுந்தால் கத்தவும் மாட்டான், கையை வீசி அடிக்கவும் மாட்டான். மூச்சு எடுக்கவே போராடும்போது குரல் வராது. சத்தமில்லாமல் ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

வில்லாவின் அமைப்பைக் கொஞ்சம் மனதில் ஓட்டிப் பாருங்கள். படுக்கையறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளினால் நாலு எட்டில் தண்ணீர். படமெடுத்தால் அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வேலி கிடையாது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிற்பதால் தரையும் பூலும் சேருமிடமே கண்ணுக்குத் தெரியாது. ஆழம் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை ஒரே சீராக இருக்கும், பெரிய பூலில் இருப்பதுபோலக் குழந்தைகளுக்கான ஆழமில்லாத பகுதி இருக்காது. வெளிச்சுவர் உயரமாக இருப்பதால் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. நீங்கள் இரண்டு மடங்கு வாடகை கொடுப்பதே அந்தச் சுவருக்காகத்தான். பொதுப் பூலில் உயிர்காப்பாளர் இல்லாவிட்டால்கூட, பக்கத்து நாற்காலியில் இருக்கும் யாரோ ஒருவர் "குழந்தை, குழந்தை!" என்று எழுந்து ஓடி வருவார். அந்த யாரோ ஒருவர் வில்லாவில் கிடையாது.

தடுப்பு எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. வீட்டுப் பூல்களைப் பற்றி நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது: பூலை மட்டும் நாற்புறமும் தனியாக அடைக்கும் வேலி இருந்தால், வீட்டுப் பக்கம் திறந்து மூன்று பக்கம் மட்டும் வேலி உள்ள இடத்தைவிடக் குழந்தை மூழ்கும் அபாயம் 83 சதவீதம் குறைகிறது. வேலி 4 அடி உயரமாவது இருக்க வேண்டும், கதவு தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். பிரான்ஸ் 2003இல் சட்டமே போட்டு, தனியார் பூல்களுக்கு வேலி, மூடி, எச்சரிக்கைக் கருவி போன்ற ஏதாவதொன்றைக் கட்டாயமாக்கியது. வில்லாக்களின் வழக்கமான அமைப்பு அந்த மூன்று பக்க வேலி வகைதான்: வெளிச்சுவர்தான் அங்கே வேலி, வீட்டுப் பக்கம் திறந்திருக்கும். சில ரிசார்ட்டுகள் கேட்டால் கழற்றி மாட்டும் வலைவேலி போட்டுத் தருவார்கள். அதை முன்பதிவுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். "கிடைக்குமா" என்று கேட்டால் "நிச்சயம் சார்" என்றுதான் பதில் வரும். "எங்கள் வில்லாவில் நாங்கள் வந்து சேர்வதற்கு முன் மாட்டியிருக்குமா, ஒரு படம் அனுப்ப முடியுமா" என்று கேளுங்கள், அப்போதுதான் உண்மை தெரியும்.

வந்து இறங்கியதும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் பூலுக்குப் போகும் எல்லாக் கதவுகளையும் பாருங்கள். தாழ்ப்பாள் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா, உண்மையிலேயே பூட்டுகிறதா? உப்புக் காற்று உலோகத்தை அரித்துத் தின்றுவிடும். பார்க்கப் பளபளவென்று இருக்கும் தாழ்ப்பாளின் உள்ளே சுருள்வில் துருப்பிடித்துப் போயிருக்கும். இது கடற்கரை வில்லாக்களில் நாங்கள் அடிக்கடி மாற்றும் சாமான். கதவைத் திறந்தால் ஒலிக்கும் சின்ன அலாரம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போனால் இன்னும் நல்லது. பூல் பக்கத்தில் நாற்காலி, மேசை போட்டிருந்தால் வேலியோரத்திலிருந்து நகர்த்திவிடுங்கள், ஏறிவிடுவான். விளையாட்டுப் பொருட்களைத் தண்ணீரில் மிதக்கவிட்டு வராதீர்கள், அதை எடுக்கத்தான் முதலில் ஓடுவான்.

தண்ணீரில் அவன் இருக்கும்போது ஒரு பெரியவர் கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஐந்து பேர் இருக்கும் குடும்பத்தில் உள்ள வில்லங்கம் என்னவென்றால், எல்லோரும் இருக்கிறார்கள் என்பதால் யாரும் பார்க்காமல் போவது. பெயர் சொல்லி ஒப்படையுங்கள்: "இப்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் உள்ளே போகிறேன்" என்று சொல்லி, அவர் "சரி" என்று சொன்ன பிறகுதான் நகர வேண்டும். பார்ப்பவர் கையில் போன் கூடாது. கையில் மாட்டும் காற்றடைத்த வளையங்கள் விளையாட்டுச் சாமான், அவை கழன்றுவிடும். உடம்போடு சேர்த்துக் கட்டும் சரியான அளவு லைஃப் ஜாக்கெட்தான் பாதுகாப்பு உபகரணம், அதைப் போட்டாலும் பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீச்சலுடை ஆரஞ்சு மாதிரி பளிச்சென்ற நிறத்தில் இருக்கட்டும், நீலமும் வெளிர் நிறங்களும் பூலின் ஓட்டோடு சேர்ந்து மறைந்துவிடும். ஊருக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒருவராவது குழந்தைகளுக்கான சி.பி.ஆர். முதலுதவி கற்றுக்கொள்ள முடிந்தால் செய்யுங்கள். மூழ்கியவர்களுக்கு மார்பை அழுத்துவதோடு வாயில் மூச்சு ஊதுவதும் முக்கியம் என்பதைப் பயிற்சியில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு விஷயம் பராமரிப்புக்காரனாகச் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று, அடியில் இருக்கும் உறிஞ்சும் வடிகால். அமெரிக்காவில் 2002இல் 7 வயதுச் சிறுமி ஒருத்தி சூடுநீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சியதில் சிக்கி மேலே வர முடியாமல் இறந்துபோனாள். அவள் பெயரிலேயே 2007இல் வர்ஜீனியா கிரேம் பேக்கர் சட்டம் வந்தது, உடம்போ முடியோ மாட்டிக்கொள்ளாத வடிவில் வடிகால் மூடிகள் இருக்க வேண்டும் என்று விதித்தது. எல்லா நாட்டிலும் அப்படிச் சட்டம் இல்லை. மூடி உடைந்தோ தளர்ந்தோ இருந்தால் யாரும் இறங்க வேண்டாம், உடனே போன் செய்யுங்கள். இரண்டு, மின்சாரம். தண்ணீருக்குள் இருக்கும் விளக்குகள் 12 வோல்ட் போன்ற குறைந்த அழுத்தத்தில் ஓட வேண்டும், மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச் இருக்க வேண்டும். இவற்றை விருந்தினர் சோதிக்க முடியாது. தண்ணீரிலோ கைப்பிடியிலோ லேசாகச் சுருக்கென்று உணர்ந்தால், உலோகக் கைப்பிடியைத் தொடாமல் வெளியே வந்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிரமையாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

பெற்றோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வில்லா பூல்களில் பலவற்றுக்குக் கைப்பிடி கிடையாது, படிகளும் உயரமாக இருக்கும். ஈரமான பளிங்குத் தரையில் வழுக்கி விழுவதுதான் வயதானவர்களுக்கு நடக்கக்கூடிய விபத்து. கைப்பிடியும் சொரசொரப்பான தரையும் உண்டா என்று கேளுங்கள். சூடுநீர்த் தொட்டி இருந்தால் அதன் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம், 5 வயதுக்குக் கீழே உள்ளவர்களை அதில் இறக்கவே கூடாது என்பது பொதுவான அறிவுரை. சீசன் இல்லாத நாட்களில் போகிறீர்கள் என்றால் இன்னொன்று. வில்லா சில வாரம் பூட்டிக் கிடந்திருக்கலாம். குழாயில் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லீஜனெல்லா என்ற பாக்டீரியா வளரும், அந்தத் தண்ணீரின் சாரலை மூச்சில் இழுத்தால் முதியவர்களுக்கு நுரையீரலைப் பாதிக்கலாம். ஒழுங்கான ரிசார்ட்டில் காலி வில்லாக்களிலும் வாரம் ஒருமுறை குழாய்களைத் திறந்து ஓட விடுவார்கள். அது நடந்ததா என்று உங்களுக்குத் தெரியாது என்பதால், முதல் தடவை ஷவரைத் திறந்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்துவிடுங்கள்.

வெப்பநிலை பற்றி யாரும் முன்பதிவின்போது யோசிப்பதில்லை, வந்த பிறகு வரும் புகாரில் பாதி இதுதான். போட்டி நீச்சல்குளங்கள் 25 முதல் 28 டிகிரியில் இருக்கும், நீந்துபவருக்கு அது சரி. சும்மா உட்கார்ந்திருக்கும் சின்னக் குழந்தைக்கு அது குளிர். மரநிழலிலும் சுவர் நிழலிலும் இருக்கும் சிறிய பூல் இரவுக் காற்றில் சீக்கிரம் குளிர்ந்துவிடும், மறுநாள் மதியம் வரை இறங்க முடியாது. நிழலே இல்லாமல் கறுப்பு ஓடு பதித்த ஆழமில்லாத பூலோ மதியத்தில் வெந்நீர் மாதிரி ஆகிவிடும். வில்லா எந்தத் திசை பார்க்கிறது, எந்த நேரம் வெயில் விழும், தண்ணீரைச் சூடாக்க முடியுமா, அதற்கு எவ்வளவு நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். அத்தனை ஆயிரம் லிட்டர் தண்ணீர் பொத்தானை அழுத்தியதும் சூடாகாது, ஒரு நாள்கூட ஆகலாம்.

தனிமை நிச்சயம் கிடைக்கும் என்று சொன்னேன், அதிலும் ஓட்டைகள் உண்டு. பூல் பாய் தினமும் வருவார், பல வில்லாக்களில் அவருக்குத் தனிக் கதவு இருக்கும், முன்வாசலில் நீங்கள் மாட்டிய 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை அவர் கண்ணில் படாது. எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வரவே வேண்டாம் என்று சொல்லாதீர்கள், மேலே சொன்ன காரணம்தான். சரிவில் அமைந்த ரிசார்ட் என்றால் மேல் வரிசை வில்லாவின் பால்கனியிலிருந்து கீழ் வரிசைப் பூல் தெரியும். கடற்கரையை ஒட்டியது என்றால் நடந்து போகிறவர்களுக்குத் தெரியும். விளம்பரப் படங்களைவிட விருந்தினர்கள் எடுத்துப் போட்ட படங்களையும் செயற்கைக்கோள் வரைபடத்தையும் பாருங்கள். பெயர்களிலும் விளையாட்டு உண்டு: 'பிரைவேட் பூல்' உங்களுடையது, 'பூல் ஆக்சஸ்' என்றால் பல அறைகளின் வாசலில் ஓடும் ஒரே பூல், 'பூல் வியூ' என்றால் பார்க்க மட்டும். 'பிளஞ்ச் பூல்' என்றால் நீந்த முடியாது, இறங்கி நனையலாம்.

காசுக்குத் தகுமா என்பதற்கு ஒரு சின்னக் கதை. பூல் வில்லாக்களை ஆசியாவில் பிரபலமாக்கியது பன்யன் ட்ரீ நிறுவனம், 1994இல் தாய்லாந்தின் புக்கெட்டில், பழைய ஈயச் சுரங்க நிலத்தில். அவர்களுக்குக் கிடைத்த மனையில் கடற்கரை முகப்பு இல்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வில்லாவுக்கு ஒரு பூல் என்ற யோசனை வந்தது. கடல் மேல் கால் ஊன்றி நிற்கும் வில்லாக்களும் அப்படித்தான்: 1967இல் பிரெஞ்சு பாலினேசியாவின் ரையாட்டேயா தீவில், நல்ல மணல் கரை இல்லாத ஓர் ஓட்டலுக்காகக் கட்டினார்கள். கடற்கரை இல்லாத இடத்துக்காகப் பிறந்த வசதிக்கு, இன்று நல்ல கடற்கரை இருக்கும் இடத்திலும் கூடுதல் காசு கொடுக்கிறோம். நான் பார்த்தவரை வாசலிலேயே அமைதியான, குளிக்கத் தோதான கடல் இருந்தால் வில்லா பூலை முதல் நாளும் கடைசி நாளும்தான் பயன்படுத்துகிறார்கள். அலை பலமான, நீரோட்டம் இழுக்கும் கடல் என்றால் பூல்தான் கதி, அப்போது காசு வீணில்லை. வெளி ஆட்கள் முன்னால் நீச்சலுடையில் இறங்கக் கூசும் உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கும் அது பெரிய விஷயம். பொதுப் பூலில் காலை நனைக்கவே மாட்டார்கள், வில்லாவில் மூன்று மணி நேரம் வெளியே வர மாட்டார்கள்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் செய்வது: பூலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே பூட்டக்கூடிய முற்றமோ தோட்டமோ உள்ள வில்லா, அல்லது வலைவேலி மாட்டித் தருவதாக எழுத்தில் உறுதி தரும் வில்லா கிடைத்தால் எடுப்பேன். இரண்டும் இல்லை, கண்ணாடிக் கதவைத் திறந்தால் தண்ணீர் என்றால், இந்த வருடம் வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் பொதுப் பூலுக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு அறை எடுப்பேன். கடல் மேல் நிற்கும் வில்லா உங்களுக்கு எந்த விதத்திலும் வேண்டாம், அதன் படிக்கட்டு நேராகக் கடலில் இறங்கும், பல ரிசார்ட்டுகள் சின்னக் குழந்தைகளை அங்கே அனுமதிப்பதுமில்லை. வில்லாதான் என்று முடிவானால் எல்லா இரவும் அதிலேயே தங்க வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் சாதாரண அறை, கடைசி இரண்டு நாள் வில்லா என்று பிரித்துக் கேளுங்கள், பல இடங்களில் பெட்டிகளை அவர்களே மாற்றி வைத்துவிடுவார்கள். அந்த முதல் இரண்டு நாளில் நீங்களே நேரில் போய், காலியாக இருக்கும் வில்லா ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லித் தாழ்ப்பாளையும் தண்ணீரையும் பார்த்துவிடலாம்.